22 அலகு, 14 ஆண்டு

தமிழரின் பழைய இசைக்கருவிகளில் தலையாயது யாழ். சங்கப் பாணர் தோளில் சுமந்து திரிந்தது, மாதவி மடியில் வைத்து மீட்டியது, ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாசித்தது எல்லாம் அதுதான். அந்தக் கருவி இடைக்காலத்தில் மறைந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பர்மாவில் அதன் உறவுக் கருவியான சவுங் கௌக் என்ற வில் வடிவ யாழ் இன்றும் வாசிக்கப்படுகிறது. நம்மிடம் எஞ்சியவை செய்யுள் வரிகள், உரைகாரர் குறிப்புகள், கல்லில் செதுக்கிய சில உருவங்கள். யாழ் எப்படி ஒலித்தது என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை.

1947 ஜூன் மாதம் தஞ்சைப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 'யாழ்நூல்' அரங்கேறியது. நூலில் கணக்கிட்டபடி செய்த யாழ்களை அங்கே வாசித்தும் காட்டினார்கள். எழுதியவர் மட்டக்களப்புத் துறவி சுவாமி விபுலாநந்தர். இந்த ஆராய்ச்சியோடு அவர் ஏறத்தாழ 14 ஆண்டுகள் கிடந்தார். அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரத்தில், ஜூலை 19 அன்று, கொழும்பில் காலமானார். வயது 55.

பதினான்கு ஆண்டு ஒரே கேள்வியைச் சுமப்பது எப்படி முடிகிறது? மனவலிமை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கடந்த இருபது முப்பது ஆண்டுகளாக அறிவியல் கிளறிப் பார்த்திருக்கிறது. கிடைத்தவை மேடைப் பேச்சாளர்கள் சொல்லும் கதையோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

முதலில் மூளை. 2013-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் பர்விசி என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். வலிப்பு நோயாளிகள் இருவர். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அவர்களின் மூளைக்குள் மெல்லிய மின்முனைகள் வைக்கப்பட்டிருந்தன. மூளையின் நடுப்பகுதியில், இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரில் ஓர் இடம் உண்டு. அங்கே சிறு மின்னோட்டம் செலுத்தியபோது இருவரும் ஏறக்குறைய ஒரே அனுபவத்தைச் சொன்னார்கள்: நெஞ்சு படபடக்கிறது, ஏதோ இடர் வரப்போகிறது, ஆனாலும் அதைக் கடந்தே தீருவேன் என்று தோன்றுகிறது. ஒருவர், புயலை நோக்கிக் காரோட்டிப் போவது போலவும் திரும்பாமல் அதைத் தாண்டியாக வேண்டும் போலவும் இருந்ததாக விவரித்தார். மின்னோட்டம் செலுத்துவதாகச் சொல்லிவிட்டுச் செலுத்தாமல் இருந்தபோது ஒன்றும் நேரவில்லை. சில மில்லிமீட்டர் தள்ளிச் செலுத்தினாலும் ஒன்றும் நேரவில்லை.

விடாப்பிடிக்கு மூளையில் ஒரு முகவரி இருக்கிறது என்பது உண்மையிலேயே மலைக்க வைக்கும் சங்கதி. ஆனால் கவனியுங்கள்: அந்த இருவருக்கும் உறுதி வந்தது, எதைச் சாதிக்க என்பது வரவில்லை. மின்சாரம் நின்றதும் உறுதியும் போய்விட்டது.

இனி, மனவலிமை என்பது ஒரு சேமிப்பு, பயன்படுத்தப் பயன்படுத்தக் கரையும் என்ற கருத்து. 1998-ல் ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பசியோடு வந்தவர்கள் முன் சூடான சாக்லெட் பிஸ்கட்டும் முள்ளங்கியும் வைத்து, சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் தீர்க்கவே முடியாத புதிர் ஒன்றைக் கொடுத்தார். பிஸ்கட் ஆசையை அடக்கியவர்கள் புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். அடக்கியதில் அவர்களின் மனவலிமை தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். இதை நம்பி எத்தனையோ புத்தகங்கள் விற்றன. 2016-ல் உலகின் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இந்த வகைச் சோதனை ஒன்றைத் திரும்பச் செய்து பார்த்தன. விளைவு ஏறக்குறைய சுழியம்.

அப்படியானால் மனக்கட்டுப்பாடு மிக்கவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஜெர்மனியில் 205 பேரின் அன்றாடத்தைச் சில நாள் தொடர்ந்து கேட்டறிந்த ஓர் ஆய்வு 2012-ல் வந்தது. கட்டுப்பாடு மிக்கவர்கள் நாள் முழுக்க ஆசைகளோடு மல்லுக்கட்டி வெல்கிறவர்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆய்வு காட்டியது வேறு. அவர்களுக்கு அந்த மல்லுக்கட்டே குறைவாக நேர்கிறது. மனத்தை அலைக்கழிக்கும் சூழலுக்குள் அவர்கள் அதிகம் போய் மாட்டுவதில்லை. பகைவனை வெல்கிற வீரத்தைவிடப் பகைவன் வராத ஊரில் வீடு கட்டிக்கொள்ளும் புத்திதான் அங்கே வேலை செய்கிறது.

விபுலாநந்தரின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

1892-ல் காரைதீவில் பிறந்தார். இட்ட பெயர் மயில்வாகனம். அன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்த அந்தக் கடலோர ஊர் இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. கல்முனையிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். ஆசிரியப் பயிற்சி, கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா, 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு, பிறகு இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். இருபத்தெட்டு வயதில் ஓர் இலங்கைத் தமிழ் இளைஞனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. மேலே ஏறுவதற்குப் படிகள் நேராகத் தெரிந்தன.

1922-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924-ல் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார்.

துறவை நாம் பக்தியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நடைமுறையில் அது தன் கையைத் தானே கட்டிக்கொள்வதும்கூட. சம்பள உயர்வு, காணி, கலியாணம், வீடு என்று ஒரு மனிதனின் பெரும்பகுதிச் சிந்தனையைத் தின்னும் கேள்விகள் ஒரே நாளில் மூடப்படுகின்றன. நாளும் பொழுதும் மறுபடி மறுபடி எடுக்க வேண்டிய முடிவு ஒரே முறை எடுத்து முடிக்கப்படுகிறது. அந்த ஜெர்மானிய ஆய்வு காட்டியதும் இதைத்தான். எல்லோரும் காவி உடுத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலோருக்கு அது ஆகாது. ஆனால் பெரிய வேலை ஒன்றை முடித்தவர்களின் வாழ்வைத் தோண்டினால், இப்படி முன்கூட்டியே பூட்டிவைத்த கதவுகள் சில அநேகமாகத் தென்படும்.

ஆயினும் அவர் குகைக்குள் போய் உட்காரவில்லை. 1925-ல் ஊர் திரும்பி, கிழக்கிலும் பிற இடங்களிலும் இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டார். 1929-ல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றார். 1939 முதல் இரண்டாண்டு இமயமலையில் மாயாவதியிலிருந்து 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில இதழை நடத்தினார். 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். யாழ் ஆராய்ச்சி இத்தனைக்கும் நடுவில் நடந்தது. மற்றதெல்லாம் விட்டு ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் விடாமுயற்சி என்றால், இவர் அதில் தேறமாட்டார். அவரிடம் இருந்தது வேறு ஒன்று: எங்கே போனாலும் கூடவே வந்த ஒரு கேள்வி.

அந்தக் கேள்வி எங்கே முளைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மண்ணைக் காட்டலாம். காரைதீவில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. மட்டக்களப்புப் பிரதேசம் முழுக்க வைகாசி மாதத்தில் கண்ணகிக்குக் கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தி பாடுவார்கள். சோழநாட்டில் பிறந்து மதுரையை எரித்த பெண்ணின் கதை, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஏட்டிலிருந்து இறங்கி வாயில் வாழ்கிறது. இந்த ஊரில் வளர்ந்த பையன் பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ள இசைக் குறிப்புகளைக் கையில் எடுத்தான். இன்னொரு தற்செயல்: உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சில் கொண்டுவந்த ஆண்டும் அவன் பிறந்த அதே 1892.

இனி அந்தக் கேள்விக்குள் போகலாம். அதன் அழகு தெரியாமல் ஒருவர் ஏன் அதில் பதினான்கு ஆண்டு கிடந்தார் என்பது விளங்காது.

யாழுக்கு மெட்டு கிடையாது. வீணையில் ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று உரைகள் கணக்குச் சொல்கின்றன. வீணை பரவியபோது யாழ் மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்தக் குறைதான் ஆராய்ச்சியாளனுக்கு வரம். ஒவ்வொரு நரம்பையும் எந்தச் சுருதியில் நிறுத்தினார்கள் என்று தெரிந்தால் போதும்; அந்த இசையின் எலும்புக்கூடு முழுவதும் கைக்கு வந்துவிடும்.

பழந்தமிழ் ஏழு சுரங்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றைப் பிறப்பிக்கும் முறையை நூல்கள் சொல்கின்றன: தாரத்திலிருந்து உழை, உழையிலிருந்து குரல், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், துத்தத்திலிருந்து விளரி, விளரியிலிருந்து கைக்கிளை. ஒவ்வொன்றும் முந்தையதற்கு ஐந்தாம் நரம்பு. பௌதிகம் படித்தவனுக்கு இந்த இடத்தில் காது நிமிரும். ஏனென்றால் ஐந்தாம் சுரம் என்பது இயற்கையே வைத்த ஓர் எண்: ஒன்றரை மடங்கு.

குரல் நரம்பு விநாடிக்கு 240 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இளி 360. ஒரு நரம்பு தன் அடிப்படை ஒலியை மட்டும் எழுப்புவதில்லை. அதன் இரட்டிப்பு, மும்மடங்கு என்று மெல்லிய துணையொலிகளும் கூடவே எழும். 240-ன் மும்மடங்கு 720. 360-ன் இரட்டிப்பும் 720. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஒலிப்பதால் காதுக்கு இணக்கமாக இருக்கிறது. இளி நரம்பு சற்றே தளர்ந்து 359 ஆகிவிட்டால்? அதன் இரட்டிப்பு 718. 718-ம் 720-ம் சேர்ந்து ஒலிக்கும்போது, விநாடிக்கு இரண்டு முறை ஒலி விம்மித் தணிவது கேட்கும். அந்த விம்மல் மறையும்வரை நரம்பை முறுக்கினால் போதும், சுருதி சரி. முந்நூற்றறுபதில் ஒரு பங்கு பிழையை, எந்த அளவுகோலும் இல்லாத சங்கப் பாணன் காதாலேயே பிடித்திருக்க முடியும். அவன் கையில் மின்கருவி இல்லை. 720-ம் 720-ம் பொருந்தும் இந்த இயற்கை விதி இருந்தது.

இனி சங்கிலி ஓடுகிறது. இளி 360-ன் ஒன்றரை மடங்கு 540. ஒரு தானம் (ஸ்தாயி) கீழே இறக்கிப் பாதியாக்கினால் 270, அது துத்தம். துத்தத்தின் ஒன்றரை 405, அது விளரி. விளரியின் ஒன்றரையைப் பாதியாக்கினால் கைக்கிளை, 304-க்கு மயிரிழை குறைவு. பின்னோக்கிப் போனால் உழை 320, தாரம் ஏறத்தாழ 427. ஏழும் வந்துவிட்டன. இவற்றை வரிசைப்படுத்திப் பாடிப் பாருங்கள்: இன்றைய ஹரிகாம்போதி. செம்பாலை இதுதான் என்றார் விபுலாநந்தர். அவருக்கு முன் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் நூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் செம்பாலையைச் சங்கராபரணம் என்று கொண்டிருந்தார். கருத்து வேறுபாடு சின்னது அல்ல. அஸ்திவாரத்தை எங்கே போடுவது என்பதைப் பற்றியது.

அழகு அடுத்த படியில் இருக்கிறது. நரம்புகளைத் தொடவே வேண்டாம். எந்த நரம்பைக் குரலாகக் கொள்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் இசையின் முகமே மாறுகிறது. துத்தம் குரலானால் நடபைரவி. உழை குரலானால் சங்கராபரணம். இளி குரலானால் கரகரப்பிரியா. தாரம் குரலானால் கல்யாணி. ஏழு நரம்பு, ஏழு பாலை. பாலைத்திரிபு என்று பழையவர்கள் சொன்ன வித்தை இது. இதற்கென்று யாழ்நூலில் ஓர் இயலே இருக்கிறது.

ஆனால் இயற்கை ஓர் இடத்தில் குறும்பு செய்கிறது. ஒன்றரை மடங்குப் பயணத்தைப் பன்னிரண்டு முறை தொடர்ந்தால் தொடங்கிய சுரத்துக்கே, ஏழு தானம் மேலே, திரும்பி வர வேண்டும். ஏழு தானம் என்பது 128 மடங்கு. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவதோ 129.75-ஐ ஒட்டிய எண். வட்டம் மூடவில்லை. இந்த நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவான இடைவெளி பித்தகோரஸ் காலத்திலிருந்து உலகத்து இசையறிஞர்களைப் படுத்தி எடுத்திருக்கிறது. தானத்தை எத்தனை நுண்பகுதிகளாகப் பிரிப்பது என்ற சண்டையின் வேரும் இதுதான். சிலப்பதிகார உரை குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என்று அலகுகளைப் பங்கிடுகிறது. கூட்டினால் 22. ஆபிரகாம் பண்டிதர் 24 சமபங்கு என்று வாதிட்டார். விபுலாநந்தர் 22 என்பதில் நின்றார். அந்த 22-ம் சமமற்றவை என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எண் கண்டாக வேண்டும்.

இந்த வேலையின் தன்மையைப் பாருங்கள். முழுக் கேள்வி மலை போன்றது. ஆனால் அதற்குள் இருப்பவை ஒரு மாலையில் முடியக்கூடிய சிறு கணக்குகள். ஒவ்வொரு கணக்கையும் நரம்பில் மீட்டிச் சரியா பிழையா என்று காதிடமே கேட்கலாம். கேள்வி உடனுக்குடன் பதில் சொல்கிறது. மனவலிமையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டென்றால் அது இதுதான்: நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறவர்கள் வலியைத் தாங்கும் பயிற்சி பெற்றவர்கள் என்பதைவிட, பதில் சொல்லும் கேள்வி ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பதினான்கு ஆண்டு ஓட்ட முடியாது. தாடை வலிக்கும்.

வலியைத் தாங்கும் தைரியம் வேறு. அதற்கும் மட்டக்களப்புப் பக்கமே சான்று தரும். காரைதீவுக்கு வடக்கே, கல்முனையை ஒட்டிய பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் உற்சவம் தீப்பள்ளயம் என்ற தீமிதிப்போடு முடியும். தணல் மேல் நடப்பதை மனத்தின் வெற்றி என்கிறோம். பாதம் வேகாமல் தப்புவதற்குப் பெரும்பங்கு காரணம் பௌதிகம்தான். மரக்கரி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். பாதம் அதில் தங்குவது ஒவ்வோர் அடிக்கும் ஒரு விநாடிக்கும் குறைவு. 1935-ல் இங்கிலாந்தில் குடா பக்ஸ் என்ற காஷ்மீரத்தவர் தணல் மீது நடந்தபோது அதன் மேற்பரப்பு 430 பாகை செல்சியஸ் என்று அளந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் விரதமும் பயிற்சியும் இல்லாத ஆங்கிலேயர்களும் நடந்து காட்டினார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் முற்றத்தில் விறகு அடுக்க வேண்டாம். நின்றால், தடுக்கி விழுந்தால், சாம்பல் படியாத தணலில் கால் புதைந்தால் கட்டாயம் சுடும்.)

பௌதிகம் காலைக் காப்பாற்றுகிறது என்றால் மனத்துக்கு அங்கே வேலையே இல்லையா? உண்டு, ஆனால் நாம் தேடாத இடத்தில். ஸ்பெயினின் சான் பெத்ரோ மன்ரீக்கே என்ற சிற்றூரிலும் ஆண்டுதோறும் தீமிதிக்கிறார்கள். அங்கே நடப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பை அளக்கும் கருவிகளைக் கட்டி ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தணலில் இறங்கியவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்தில்தான், ஓரத்தில் நின்ற அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களின் துடிப்பில் அந்த ஒற்றுமை இல்லை. தனி ஒருவரின் நெஞ்சுரம் என்று நாம் கைதட்டுவதில் ஊராரின் நெஞ்சும் சேர்ந்தே அடிக்கிறது.

யாழ்நூலும் ஒருவரின் தனிப் படைப்பு என்று சொல்லிவிட முடியாது. ஏட்டைத் தேடி அச்சாக்கிய சாமிநாதையர் இல்லாமல் அரங்கேற்று காதை இல்லை. எதிர்வாதத்துக்கு ஆபிரகாம் பண்டிதர் இருந்தார். கருவி செய்த தச்சர்களும் அரங்கேற்றிய கரந்தைச் சங்கமும் கூட நின்றார்கள்.

வாவியைப் பற்றிச் சொல்லாமல் மட்டக்களப்பைப் பற்றி எழுதினால் ஊரார் ஏற்கமாட்டார்கள். மீன் பாடும் தேன்நாடு என்ற பெயர் வெறும் கவிதை இல்லை. 1848-ல் இங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இரவில் தோணியில் சென்று அந்த ஒலியைக் கேட்டு, பிற்பாடு தன் நூலில் விரிவாக எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழுவது போன்ற மெல்லிய இசைகள் பல, கலங்காமல் தனித்தனியே கேட்டதாகவும், தோணியின் மரத்தில் காதை வைத்தால் கூடுதலாகக் கேட்டதாகவும் அவர் பதிவு. எழுப்புவது ஊரி என்ற நத்தை என்றார்கள் அன்றைய மீனவர்கள். மீன் என்கிறது ஊர்ப்பெயர். இருபதாம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார்.

மரத்தில் காதை வைப்பது ஏன் உதவுகிறது? நீருக்குள் எழும் ஒலி காற்றுக்குத் தாவும்போது ஏறக்குறைய முழுவதும் நீரிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே வரும். மரத்தின் தன்மை ஒலியைப் பொறுத்தவரை நீருக்கு நெருக்கமானது. சவளை (துடுப்பை) நீரில் ஊன்றி மறுநுனியில் காதை அழுத்தினால், ஒலி காற்றைத் தவிர்த்துவிட்டு மரம் வழியாகவே எலும்புக்கு வந்து சேர்கிறது. பாலத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்களுக்குக் கேட்காதது, குனிந்து காது கொடுத்த தோணிக்காரனுக்குக் கேட்கிறது. மீன்கள் பாடுவதும் நடக்காத காரியமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாசலிட்டோ என்ற ஊரின் படகுவீட்டுக்காரர்கள் 1980களில் இரவுதோறும் எழுந்த ரீங்காரத்தால் தூக்கம் கெட்டு, எந்த இயந்திரம் என்று தேடினார்கள். கடைசியில் அது துணையை அழைக்கும் ஆண் மீனின் ஒலி என்று தெரிந்தது. காற்றுப்பையை ஒட்டிய தசையை விநாடிக்கு நூறு முறையளவு சுருக்கி விரித்து அந்த மீன் மணிக்கணக்கில் முரல்கிறது.

இந்த வாவிக்கரையில் வாழ்ந்த விபுலாநந்தர், நிலவில் நீரரமகளிர் பாடுவதாகச் செய்யுளும் செய்தார். வாவியின் ஒலிதான் அவரை யாழுக்கு இட்டுச்சென்றது என்று சொல்லத் துணியமாட்டேன். கேட்க முடியாத ஓர் இசைக்குக் காது கொடுக்கும் பழக்கம் இந்த ஊருக்கு முன்பே உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாழ்வில் குறிக்கோள் உள்ளவர்கள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்ற செய்தியையும் அடிக்கடி பார்க்கிறோம். அதற்கு ஆதாரம் உண்டு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை 14 ஆண்டு தொடர்ந்த ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. குறிக்கோள் உணர்வு மிக்கவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு தனி ஆளுக்கு உத்தரவாதம் தராது. விபுலாநந்தர் 55-ல் போனார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனவலிமையைப் பற்றிய பேச்சு மட்டக்களப்பில் கூசாமல் பேசக்கூடிய பேச்சு இல்லை. மூன்று தசாப்தப் போர். 2004 டிசம்பர் 26 காலை நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்ற கடல். இதைக் கடந்தவர்களிடம் போய் மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று வகுப்பெடுப்பது அறியாமை. பேரழிவுக்குப் பின் மனிதரை மீட்க எது உதவுகிறது என்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட அறிக்கையில் ஐந்து கூறுகள் இருக்கின்றன: பாதுகாப்பு, பதற்றம் தணிதல், நம்மால் ஆகும் என்ற உணர்வு, உறவுத் தொடர்பு, நம்பிக்கை. இந்த ஐந்தில் தனியாள் தன் மனத்துக்குள் மட்டும் உட்கார்ந்து உண்டாக்கிக்கொள்ளக்கூடியது எது? பாதுகாப்பை அரசு தர வேண்டும், தொடர்பை ஊர் தர வேண்டும். அந்த அறிக்கைக்குப் பதினோராண்டு முன்பே, 1996-ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே சேர்ந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். உறுதியாக இரு என்று யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை; கைக்கு ஒரு வேலையும் பக்கத்தில் ஒரு துணையும் கொடுத்தார்கள்.

அசாதாரண வாழ்வுக்கு ஆசைப்படும் இளையவர்களுக்கு, குறிப்பாகக் கிழக்குப் பிள்ளைகளுக்கு, ஒரு வேண்டுகோள். ஊக்கமூட்டும் காணொளிகளை மூடிவிட்டு உங்களுக்கென்று பதில் சொல்லும் கேள்வி ஒன்றைத் தேடுங்கள். தேடக் கஷ்டமாக இருந்தால் நான் ஒன்று தருகிறேன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே பௌதிகமும் விலங்கியலும் படிக்கிறார்கள். கல்லடியில் விபுலாநந்தரின் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கே இசை படிக்கிறார்கள். நீருக்கடியில் ஒலி பிடிக்கும் கருவி இன்று மாணவர் குழு ஒன்று சேர்ந்து வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டது. இரு பக்கத்தவரும் சேர்ந்து, ஓர் ஆண்டின் பௌர்ணமி இரவுகளில் வாவியைப் பதிவு செய்யுங்கள். எந்த மாதம் கேட்கிறது, எந்த ஆழத்தில், விநாடிக்கு எத்தனை அதிர்வு, எழுப்புவது ஊரியா மீனா என்று ஒவ்வொன்றாக எழுதி, தமிழிலேயே வெளியிடுங்கள்.